கறுப்பா, நீலமா?

“காலை ஒன்பது மணிக்கு எங்கள் செம்பருத்திக்கு ஒரு நீலக் குருவி வருகிறது. சாயங்காலம் அதே கிளையில், அதே அளவில், கன்னங்கரேலென்று ஒன்று. இரண்டும் வேறு வேறா? இரண்டுக்கும் அலகு வளைந்திருக்கிறது, ரொம்ப நீளமில்லை.” பாளையங்கோட்டை வாசகி ஒருவரின் கேள்வி இது. அடுக்களை ஜன்னல் மேற்குப் பார்த்தது என்றும் எழுதியிருக்கிறார். விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இரண்டும் ஊதாத் தேன்சிட்டின் ஆண்தான். கைப்பேசியில் சுற்றும் வீடியோக்கள் சொல்வதுபோல ஹம்மிங்பேர்டு அல்ல. ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது.

அந்தச் சிட்டின் பளபளக்கும் இறகில் நீலச் சாயம் ஒரு துளிகூட இல்லை. இறகை இடித்துப் பொடியாக்கினால் கருமை கலந்த பழுப்புத்தான் மிஞ்சும். நம் தலைமுடிக்குக் கருமை தரும் மெலனின்தான் அங்கேயும். ஆனால் அது அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டின் மேல் தட்டு, நடுவே சீரான இடைவெளி. தட்டுகள் மெலனின் துணுக்குகள். இடைவெளியை நிரப்புவது நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின். மேல்தட்டில் விழும் ஒளியில் கொஞ்சம் திரும்புகிறது, மீதி அடுத்த தட்டுக்கு இறங்குகிறது. அங்கும் கொஞ்சம் திரும்புகிறது. இப்படித் தட்டுத் தட்டாகத் திரும்பும் அலைகளில் எந்த நிறத்துக்கு மேடும் மேடும் சேர்கிறதோ அந்த நிறம் ஓங்கும். மேடும் பள்ளமும் மோதுகிற நிறங்கள் அடங்கிவிடும். மிச்ச ஒளியைக் கருமை விழுங்கிவிடும். தட்டைத் தாங்கும் காலின் உயரம்தான் இங்கே சாயப்பட்டறை: உயரம் சற்றுக் கூடினால் பச்சை, சற்றுக் குறைந்தால் ஊதா. கொப்பரையைச் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் நகரும். இத்தனையும் தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில் நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை.

இந்த அடுக்கு, சின்னக் கண்ணாடி மாதிரி, ஒளியை ஒரு பக்கமாகத்தான் திருப்பி அனுப்பும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீலம். பறவைக்குப் பின்னால் போய்விட்டால் வெறும் கறுப்பு.

வரலாறு சுருக்கமாக: 1665-இல் ராபர்ட் ஹூக் மயிலிறகைத் தண்ணீரில் நனைத்து, நிறம் மறைவதைக் கண்டார். 1934-இல் சி.வி. ராமன் பனங்காடையின் இறகு நீலத்தை ஆராய்ந்து எழுதினார். இது போதும்.

பளபளப்பின் நிறம் வெளிச்சத்தைப் பொறுத்து மாறுவதால், கொல்லைக் குருவிக்குப் பெயர் தேடும்போது பளபளப்பைக் கடைசியாக நம்புங்கள். சாயத்தால் வரும் நிறம் இப்படி மாறாது. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆணின் தொண்டை நிழலில் கறுத்துப்போகும். ஆனால் வயிற்று மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். அலகு அரிவாளாக நீண்டு வளைந்து, மார்பில் அரக்குப் பட்டையும் இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. வாலைத் தூக்கிக்கொண்டு, உடம்புக்குப் பொருந்தாத பெருங்குரலில் கத்தினால் தையல்சிட்டு. இன்னொரு சிக்கலும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டு ஆண் தன் பளபளப்பைக் களைந்து, பெண்ணைப் போலவே மங்கிய மஞ்சளுக்கு மாறிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்கும் ஒரு கருங்கோடுதான் அப்போது அடையாளம்.

படம் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுத்த படத்தில் அவை சொல்லும் பெயரை நான் ஏற்பதில்லை. படத்தில் இல்லாத நிறத்தை எந்தச் செயலியாலும் பார்க்க முடியாது. போன வாரம் என் மொட்டைமாடித் தொட்டியில் ஓர் ஊதாத் தேன்சிட்டு, செம்பருத்தியின் வாய்க்கே போகாமல், அடிப்பக்கம் அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சியது. அது தலையைத் திருப்பிய அரை நொடியில் நெற்றி கறுப்பிலிருந்து நீலத்துக்குப் பாய்ந்தது. எந்தப் படத்திலும் அது விழவில்லை.

வாசகிக்கு: காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், மாலையில் குருவியின் முதுகுப் பக்கம். நாளைச் சாயங்காலம் ஜன்னலை விட்டு இறங்கி, செடிக்கு அந்தப் புறமாகப் போய், வெயிலுக்கு முதுகு காட்டி அசையாமல் நில்லுங்கள். அதே கறுப்புக் குருவி நீலமாகத் தெரியும்.