90 விழுக்காடு கழிவு... எதிலிருந்து?

தீபாவளி நெருங்கும் வாரத்தில் அம்மாவோடு கிள்ளான் லிட்டல் இந்தியாவுக்குப் போயிருப்பீர்கள். தெங்கு கிளானா சாலையில் கடைக்குக் கடை மலிவு விற்பனை அட்டைகள் தொங்கும். "பாதி விலைம்மா, பாதி விலை!" என்று கடைக்காரர் கூப்பிடுவார். அம்மா உடனே பணப்பையைத் திறக்க மாட்டார். சேலையை விரித்துப் பார்ப்பார், உள்பக்கம் திருப்பி இழையைத் தடவிப் பார்ப்பார். பிறகு, "போன மாசம் பிரிக்பீல்ட்ஸ்ல இதே சேலை இதே விலைக்குத்தானே இருந்துச்சு?" என்று நேராகவே கேட்டுவிடுவார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே இன்னும் பத்து ரிங்கிட் குறைப்பார்.

அதே தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தோடு நீங்கள் கணினி முன் உட்காரும்போது நடப்பது வேறு. திரையில் ஒரு பச்சைக் கட்டம்: 90 விழுக்காடு கழிவு. அதன் கீழே, 'இன்னும் சில மணி நேரம் மட்டுமே'. ஒரு கிளிக். வாங்கிய கேமை ஒரு மாதம் கழித்தும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அம்மாவுக்கு இருந்த நிதானம் நமக்கு ஏன் இல்லை?

முதலில் இதை யோசியுங்கள். சேலைக் கடைக்காரரால் 90 விழுக்காடு கழிவு கொடுக்க முடியுமா? நூல், சாயம், நெசவுக் கூலி, கப்பல் கட்டணம், கடை வாடகை என்று ஒவ்வொரு சேலைக்கும் ஒரு செலவு இருக்கிறது. அதற்குக் கீழே விற்றால் நட்டம். கணினி விளையாட்டு அப்படியல்ல. அதை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவை. ஆனால் உருவாக்கி முடித்த பிறகு இன்னொரு பிரதியை உங்களுக்கு அனுப்ப ஆகும் செலவு கிட்டத்தட்ட சுழியம். பொருளியலில் இதை இறுதிநிலைச் செலவு என்பார்கள். அது சுழியத்தை நெருங்கினால் எவ்வளவு குறைத்து விற்றாலும் வருவது வரவுதான்.

அதனால் விற்பவர்கள் காலத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வெளிவந்த அன்றே விளையாடத் துடிப்பவரிடம் 200 ரிங்கிட், ஓர் ஆண்டு பொறுத்தவரிடம் 100, மூன்று ஆண்டு பொறுத்தவரிடம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் வாங்குகிறார்கள், மூவரிடமும் லாபம். ஆகவே பெரிய கழிவு என்பது ஏமாற்று வேலையல்ல, தருமமும் அல்ல. முதல் நாளிலேயே போட்ட கணக்கு அது. இது நமக்கும் நல்லதுதான். உங்கள் அண்ணன்மார் காலத்தில் கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் சில ரிங்கிட்டுக்குத் திருட்டு வட்டு வாங்கியவர்கள் ஏராளம். இன்று, வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் கடை ரிங்கிட்டிலேயே விலை போடுகிறது. சில மலிவு விற்பனை நாள்களில் அசல் கேம், அந்தத் திருட்டு வட்டின் விலைக்கே வந்துவிடுகிறது.

சிக்கல் விலையில் இல்லை, நம் மூளையில் இருக்கிறது. 1974-இல் ஆமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றினார்கள். அது 10 அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி முன்பே அமைத்திருந்தார்கள். பிறகு, ஐக்கிய நாட்டுச் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்த குழுவின் இடைநிலை விடை 25. 65-ஐப் பார்த்த குழுவின் விடை 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண், பின்னால் வந்த கணிப்பைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இதற்கு நங்கூர விளைவு என்று பெயர்.

பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு அடித்த பழைய விலை இருக்கிறதே, அதுதான் அந்த நங்கூரம். 20 ரிங்கிட் என்பதை நாம் 20 ரிங்கிட்டாகப் பார்ப்பதில்லை, '180 ரிங்கிட் மிச்சம்' என்று பார்க்கிறோம். வாங்காமல் இருந்தால் 200-உம் மிச்சம் என்பது அப்போது நினைவுக்கு வராது.

இதற்கு அம்மாவின் 'போன மாசம்' கேள்விதான் மருந்து. ஸ்டீம்டிபி, இஸ் தேர் எனி டீல் ஆகிய தளங்களில் ஒரு கேமின் பெயரைத் தட்டினால் அதன் பழைய விலைகள் எல்லாம் வரைபடமாக வரும். இதுவரை எட்டிய மிகக் குறைந்த விலையும் தெரியும். வரைபடத்தைப் படிக்கத்தான் கணிதப் பாடத்தில் கற்கிறோமே, இங்கே பயன்படுத்துங்கள். ஒரு கேம் சில மாதங்களுக்கு ஒருமுறை இதே விலைக்கு இறங்கி ஏறுகிறது என்றால், 'சில மணி நேரம் மட்டுமே' என்ற எச்சரிக்கைக்கு நீங்கள் பதற வேண்டியதில்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் மறுபடியும் இறங்கும்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, கேமே மாறிவிடும். 2020 டிசம்பரில் வெளியான சைபர்பங்க் 2077-இல் கோளாறுகள் மலிந்திருந்ததால் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கியது. 2016-இல் ஏமாற்றம் தந்த நோ மேன்ஸ் ஸ்கை, பல ஆண்டுகள் திருத்தப்பட்டு இன்று பாராட்டப்படுகிறது. முதல் நாளே முழு விலை கொடுத்தவர்கள்தான் மோசமான பதிப்பை விளையாடினார்கள்.

அடுத்தது மதிப்புரைகள். இரண்டு கேம்கள், இரண்டுக்கும் 90 விழுக்காடு பாராட்டு. ஒன்றை மதிப்பிட்டவர்கள் 10 பேர், மற்றதை 10,000 பேர். இரண்டும் சமமா? இரண்டு கேமையும் இன்னும் மூன்று பேர் குறை சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேம் 13-இல் 9, அதாவது 69 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். இரண்டாவது கேம் அசையவே அசையாது. மாதிரியின் அளவு ஏன் முக்கியம் என்று ஆசிரியர் சொல்வது இதைத்தான். ஸ்டீமும் தன் மிக உயர்ந்த முத்திரையைக் கொடுக்க 95 விழுக்காடு பாராட்டோடு குறைந்தது 500 மதிப்புரைகளையும் எதிர்பார்க்கிறது. கடந்த 30 நாள்களின் மதிப்புரைகளைத் தனியாகக் காட்டும் வசதியும் உண்டு. மொத்த மதிப்பெண்ணைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வீட்டுக் கணினி தாங்குமா என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் யோசிக்கிறார்கள். ஸ்டார்டியூ வேலிக்கு 500 மெகாபைட் இடம் போதும். பல்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிகாபைட் வேண்டும், அதுவும் எஸ்.எஸ்.டி. வட்டில். அப்பாவின் பழைய மடிக்கணினியில் இரண்டாவது கேம் ஒரு விழுக்காட்டு விலைக்குக் கிடைத்தாலும் தண்டம்தான். நம் நாட்டவர் தொடங்கிய செவன்த் பீட் கேம்ஸின் 'எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ்' ஒரே ஒரு பொத்தானைத் தாளத்துக்கு ஏற்றபடி அழுத்தும் கேம். சாதாரண கணினிக்கும் அது ஏற்றது. தாளம் பிசகினால் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தாலும் ஒரு வழி உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கிய அன்றே திறந்து பாருங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். மூன்று வாரம் கழித்துத் திறந்து 'ஓடவில்லையே' என்றால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

ஆனால் மலிவாக வாங்கியதை நாம் அவ்வளவு சீக்கிரம் திறப்பதில்லை. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் அமெரிக்காவின் ஒஹாயோவில் நாடகப் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை வாங்கினார்கள். சிலருக்கு, அவர்கள் கேட்காமலேயே கழிவு கொடுத்தார்கள். 1985-இல் வெளியான முடிவின்படி, பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான். விட்ட பணம்தான் அவர்களை இழுத்து வந்தது. உங்கள் கேம் பட்டியலில் தூங்கும் ஐந்து ரிங்கிட் கேம்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் 40 ரிங்கிட். ஆசைப்பட்ட ஒரே கேமை அந்தப் பணத்துக்கு வாங்கியிருக்கலாம்.

இன்னொரு வகை மலிவு உண்டு, அதில்தான் கவனம் அதிகம் வேண்டும். அதிகாரபூர்வக் கடையைவிட மிகக் குறைவாக, கேமைத் திறக்கும் சாவிக் குறியீட்டை மட்டும் விற்கும் இடைத்தரகுச் சந்தைகள் இருக்கின்றன. திருடிய கடன் அட்டையால் ஒருவன் சாவிகளை வாங்கி அங்கே குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவான். அட்டைக்குச் சொந்தக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கேம் உருவாக்கியவருக்கு விற்ற பணமும் போய் அபராதக் கட்டணமும் சேரும். சாவியை அவர் முடக்கினால் உங்கள் கேமும் மறைந்துவிடும். சமூக ஊடகத்தில் 'பத்து ரிங்கிட்டுக்கு முழுக் கணக்கு' என்று வரும் விற்பனையும் இதற்குச் சளைத்ததல்ல. பணத்தை அனுப்பி ஏமாந்தால் மறைக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். தேசிய மோசடி உதவி மையத்தின் எண் 997.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர், ஃபேக்டோரியோ கேமை உருவாக்கிய செக் நாட்டு வூப் நிறுவனம். ஜி2ஏ சந்தையில் விற்ற ஃபேக்டோரியோ சாவிகளில் 198 முறையற்றவை என்று விசாரணையில் தெரியவந்தது. 2020-இல் ஜி2ஏ வூப்புக்குச் சுமார் 40,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இதே வூப், ஃபேக்டோரியோவுக்கு எப்போதும் கழிவு கிடையாது என்று அறிவித்திருக்கிறது. 2023 ஜனவரியில் விலையை 30 டாலரிலிருந்து 35 டாலராக ஏற்றவும் செய்தது. அப்படியும் ஸ்டீமின் உச்ச முத்திரை பெற்ற கேம்களில் அதுவும் ஒன்று. அதன் முன்னோட்டப் பதிப்பை இலவசமாகப் பதிவிறக்கலாம். வேற்றுக் கிரகத்தில் இரும்பைத் தோண்டி, உருக்கி, தொழிற்சாலை கட்ட வேண்டும். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு இந்தச் சனிக்கிழமை தொடங்கிப் பாருங்கள். கடிகாரம் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.