இலவச வாயிலுக்கு ஏன் இத்தனை போட்டி?

இணையத்தில் எதைப் படிப்பதாயினும் உலாவி என்னும் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். அவ்வாயிலைத் தம்வசப்படுத்த முப்பது ஆண்டுகளாகப் பெருநிறுவனங்கள் மோதி வருகின்றன. இலவசமாக வழங்கப்படும் ஒரு பொருளுக்கு ஏன் இத்தனை போட்டி?

1993 இல் இல்லினோய் பல்கலைக்கழக ஆய்வு நிலையமொன்றில் உருவான மொசாயிக், இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதனை ஆக்கியோருள் ஒருவரான மார்க் அன்றீசன், 1994 இல் ஜிம் கிளார்க்குடன் இணைந்து நெற்ஸ்கேப் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1995 ஒகஸ்டில் 28 டொலருக்கு விற்பனைக்கு வந்த அதன் பங்கு, முதல் நாளிலேயே 58 டொலரைக் கடந்தது. அதே மாதத்தில் மைக்ரோசொப்ட் தனது எக்ஸ்புளோரரை வெளியிட்டது. பின்னர் அதனை விண்டோஸுடன் பிணைத்து இலவசமாக வழங்கியது. வாங்கிய கணினியிலேயே உலாவி இருக்கும்போது வேறொன்றைத் தேடுவோர் எத்தனை பேர்?

1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. 2000 இல் மைக்ரோசொப்ட் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்தபோது, நெற்ஸ்கேப் ஏற்கனவே பிறர் கைக்கு மாறியிருந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நமது கவனத்துக்குரியது. 2001 இல் ஆறாம் பதிப்பை வெளியிட்ட மைக்ரோசொப்ட், ஏழாம் பதிப்பை வெளியிட 2006 வரை எடுத்துக்கொண்டது. போட்டியாளர் இல்லாதபோது விரைவதற்குக் காரணமும் இருக்கவில்லை. 1998 இல் நெற்ஸ்கேப் பொதுவுடைமையாக்கிய மூலநிரலின் வழிவந்த பயர்பொக்ஸ், 2004 இல் அத்தேக்கத்தை உடைத்தது. 2008 இல் வந்த கூகிளின் குரோம், இணையப் பக்க நிரல்களை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றி இயக்கி, வேகத்தையே போட்டியின் அளவுகோலாக்கியது. 2022 இல் எக்ஸ்புளோரர் ஓய்வுபெற்றது. அதன் வாரிசான எட்ஜும் 2020 முதல் குரோமின் அடிப்படையான குரோமியத்திலேயே இயங்குகின்றது. பெயர்கள் வேறாயினும் உள்ளிருக்கும் பொறி ஒன்றே. அதனைச் சாராத முக்கிய உலாவிகள் சபாரியும் பயர்பொக்ஸுமே.

சபாரியில் தனது தேடுபொறியே முதலில் தோன்றுவதற்காக, 2022 இல் மாத்திரம் கூகிள் அப்பிளுக்கு 2,000 கோடி டொலர் செலுத்தியமை நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. நமது கேள்விக்கான விடை இதுவே: வாயிலை வைத்திருப்பவரே, உள்ளே வருவோர் எங்கு செல்வர் என்பதையும் தீர்மானிக்கின்றார். 2024 ஒகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடற் சந்தையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகம் பேணியதெனத் தீர்ப்பளித்தார். ஆயினும் 2025 செப்டம்பரில், குரோமை விற்குமாறு உத்தரவிட மறுத்துவிட்டார்.

நீதிமன்றங்கள் நெற்ஸ்கேப்பைக் காப்பாற்றவில்லை. பயர்பொக்ஸை வளர்த்தவர்கள், கணினியோடு வந்ததைக் கைவிட்டு வேறொன்றைத் தேடி நிறுவிய சாதாரண மக்களே. அந்தச் சிறு சிரமத்தை ஏற்பதற்கு எவருடைய தீர்ப்பும் தேவையில்லை.