உங்களுக்குத் தெரியுமா? சுரங்கம் தந்த ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். பிறந்த கதையோடு படித்தால் நிலைக்கும். அவற்றில் சில நெய்வேலிப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் சுரங்கத்தையும் கொதிகலனையும் சேர்ந்தவை.

■ கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்: இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில், பல நூற்றாண்டுகள் லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி அனுப்பிய ஊர். அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது வீண் வேலை. 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்று நாம் சொல்வதுதான் இது. பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கிப் போகிறவரிடம் சொல்லலாம்.

■ கேனரி இன் எ கோல் மைன்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி, பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்கள் கேனரிப் பறவையைக் கூண்டோடு நிலத்தடிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நச்சுவாயு இருந்தால் மனிதருக்கு முன் அது மயங்கும்; உடனே தொழிலாளர்கள் வெளியேறுவார்கள். 1986-ல்தான் மின்னணுக் கருவிகளுக்கு மாற முடிவெடுத்தார்கள். வரப்போகும் ஆபத்தை முதலில் காட்டும் அறிகுறி எதற்கும் இத்தொடர் பொருந்தும். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். அதனால் கேனரிக்கு இங்கே வேலை வரவில்லை.

■ அட் த கோல்ஃபேஸ்: நிலக்கரியை நேரடியாக வெட்டியெடுக்கும் முகப்புதான் கோல்ஃபேஸ். நெய்வேலியில் பக்கெட் வீல் இயந்திரம் நின்று வெட்டும் இடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். திட்டம் போடுகிறவரைக் குறிக்காது. களத்தில் நின்று செய்கிறவரைக் குறிக்கும். வார்டில் நிற்கும் நர்ஸ், வகுப்பெடுக்கும் ஆசிரியர் இருவருக்கும் சொல்லலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்தான் இது அதிகம் புழங்குகிறது.

■ ஹால் ஓவர் த கோல்ஸ்: மேலதிகாரி கடுமையாகக் கண்டித்தால் 'வறுத்தெடுத்துவிட்டார்' என்கிறோமே, அதே பொருள். இங்கே 'கோல்ஸ்' என்பது எரியும் தணல். அமெரிக்கர்கள் 'ஹால்' என்பதற்குப் பதில் 'ரேக்' என்பார்கள்.

■ லெட் ஆஃப் ஸ்டீம்: கொதிகலனில் அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு வால்வு திறந்து நீராவியை வெளியேற்றும். 1962-ல் மின் உற்பத்தி தொடங்கிய நெய்வேலியில் இதை விளக்கவே வேண்டாம். மனதில் அடக்கிவைத்த ஆத்திரத்தையோ இறுக்கத்தையோ வெளியே கொட்டுவதுதான் பொருள். தேர்வு முடிந்ததும் மைதானத்தில் ஓடியாடுவதற்கும் சொல்லலாம்.

■ ஸ்ட்ரைக் இட் ரிச்: தங்கமும் வெள்ளியும் தேடிய அமெரிக்கச் சுரங்கக்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது; எதிர்பாராமல் பெருஞ்செல்வம் கிடைப்பது என்று பொருள். நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி. அதற்காகத்தான் 1956-ல் நிறுவனமும், பின்னர் நகரியமும் உருவாயின. உழைத்து வாங்கிய மதிப்பெண்ணுக்கு இத்தொடரைப் பயன்படுத்தக் கூடாது.

■ கவனம்: நியூகாசில் தொடரிலும் கண்டிக்கும் தொடரிலும் 'கோல்ஸ்' என்ற பன்மைதான் சரி, கேனரித் தொடரில் 'கோல்' என்ற ஒருமை. மரபுத்தொடரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கேட்பவர் காதில் இடறும். ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டில், வகுப்பில் நடந்த ஒன்றுக்குப் பொருத்தி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அதன்பின் அது உங்கள் சொத்து.