திரும்பி வரும் சுமை

அமெரிக்காவின் கொலராடோ, ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் இலையுதிர்காலம் தொடங்கியதும் வேட்டைக்காரர்கள் முதுகுப்பையோடு ராக்கி மலைத்தொடருக்குள் நடக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் தேடிப் போவது எல்க் என்னும் பெரிய மானை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடைசெய்யப்பட்ட இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டே வேட்டை நடக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே சரிந்திருந்த எல்க் மான்களின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 10 லட்சம். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் இந்தக் கதையின் மற்றொரு பாதி. அச்சட்டம் காத்துநிற்கும் நிலங்களுக்குள் வேட்டைக்காரர் தம் வாகனத்தை ஓட்டிச் செல்ல முடியாது; மிதிவண்டியோ கைவண்டியோகூடக் கூடாது. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் அனுமதி உண்டு. ஆனால் அவற்றை வைத்துப் பராமரிக்கவோ வாடகைக்கு அமர்த்தவோ எல்லோராலும் இயலாது. மற்றவர்களுக்கு மிஞ்சுவது சொந்த முதுகுதான். ஆகவே அந்த முதுகில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்பது அவர்களிடையே தனியொரு கலையாக வளர்ந்திருக்கிறது.

இந்தக் கலையைப் பற்றிப் பேசுவோர் பலர் நெடுநடைப் பயணிகளிடமிருந்து பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். 1955இல் 67 வயதில் எம்மா கேட்வுட் தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பலாச்சியன் நடைபாதையை முழுவதும் நடந்து முடித்தார். 1990களில் ரே ஜார்டின் எழுதிய கையேடுகள் இலகு நடையை ஓர் இயக்கமாகவே ஆக்கின. இன்று உணவு, நீர், எரிபொருள் நீங்கலாக 4.5 கிலோவுக்குள் பையைச் சுருக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. நடைப்பயணியின் பை உணவு தீரத்தீர இலகுவாகிக்கொண்டே வரும். வேட்டைக்காரரின் பையோ, வந்த காரியம் கைகூடிய அன்றுதான் உச்ச எடையை எட்டும். எனவே மலையேறும் காலை வேளையில் பை எவ்வளவு இலகு என்று பார்ப்பது போதாது. இறைச்சியோடு இறங்கும் நாளை வைத்தே பையைக் கட்ட வேண்டும். இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் எங்கே குறைப்பது, எங்கே குறைக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு விடை தானே தெளிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலும்பு நீக்கிய எல்க் இறைச்சி 85 கிலோ என்றும், சாலை 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்றும், ஒருவர் ஒரு நடைக்கு 33 கிலோ சுமக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பை நீங்கலாக அவருடைய மற்றச் சாமான்கள் 22 கிலோ என்றால் வெளியே கொண்டுவர வேண்டியது மொத்தம் 107 கிலோ. அதற்கு நான்கு நடை வேண்டும். சுமையோடு நான்கு முறை, வெறுங்கையோடு மூன்று முறை என 56 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். சாமான்கள் 14 கிலோவாக இருந்தால் மொத்தம் 99 கிலோ. மூன்றே நடை, 40 கிலோமீட்டர். எட்டு கிலோ குறைத்ததில் மிச்சமாவது 16 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு முழு நாள் உழைப்பு. இது உடல் வசதி மட்டும் சார்ந்த கணக்கல்ல. செப்டம்பர் மாதப் பகல் வெயிலில் இறைச்சி விரைவில் கெட்டுவிடும். கொன்ற விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விடுவது கொலராடோ உள்ளிட்ட மாநிலங்களில் குற்றம். ஓர் உயிரை எடுத்தவருக்கு அதை வீணாக்காமல் கொண்டுவரும் கடமை இருக்கிறது. எடைக் குறைப்பு அந்தக் கடமையின் பகுதி என்பதே என் வாதம்.

சுமை உடலை என்ன செய்கிறது என்பதை அமெரிக்க ராணுவத்தின் ஆய்வாளர்கள் நெடுங்காலம் அளந்திருக்கிறார்கள். 1977இல் பண்டோல்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சமன்பாடு உடல் எடை, சுமை, வேகம், ஏற்றம், தரையின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு ஆற்றல் செலவைக் கணிக்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் 20 கிலோ சுமையுடன் லேசான புதர் உள்ள 10 விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அச்சமன்பாட்டின்படி ஆகும் செலவு 800 வாட்டைச் சற்றே தாண்டும். சுமை 30 கிலோவானால் அது 900 வாட்டை ஒட்டிப் போகும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். ஆகவே அந்தக் கூடுதல் 10 விழுக்காடு மூச்சை வாங்கும். இன்னொரு செய்தியும் அச்சமன்பாட்டில் இருக்கிறது. சுமந்தபடி சும்மா நிற்பதற்கு ஆகும் கூடுதல் செலவு சுமையோடு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. சுமை 20 கிலோவிலிருந்து 40 கிலோவாக இரட்டிக்கும்போது அச்செலவு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காலில் கட்டிய எடை, அதே எடையை உடலில் சுமப்பதைவிட நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலைக் கேட்கிறது என்று சூலும் கோல்ட்மனும் 1969இல் காட்டினார்கள். தேவைக்கு மீறிக் கனக்கும் காலணி, பையில் இருக்கும் எந்தப் பொருளையும்விடக் கொடிய சுமை.

நேபாளத்துச் சுமை தூக்கிகள் தம் உடல் எடைக்கு நிகராகச் சுமக்கிறார்களே, இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான். 2005இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி அங்கே ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டைச் சுமந்தார்கள். ஆனால் அவர்கள் மெதுவாக நடப்பவர்கள், அடிக்கடி நின்று இளைப்பாறுபவர்கள், சிறுவயதிலிருந்தே அத்தொழிலில் பழகியவர்கள். ஆண்டில் ஒரு வாரம் விடுப்பெடுத்து மலைக்கு வரும் ஒருவர் அவர்களை அளவுகோலாகக் கொள்வது முழங்காலுக்குக் கேடு. பையைக் குறைப்பதைவிட உடலைத் தயார் செய்வதே மேல் என்பது இதைவிட வலுவான மறுப்பு. உடற்பயிற்சிக்கு மாற்று எதுவும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்து சேர்த்த வலிமையைத் தேவையற்ற மூன்றாவது காற்சட்டையைச் சுமப்பதில் செலவழிப்பது வீண்.

எங்கிருந்து தொடங்குவது? காசு செலவில்லாத இடத்திலிருந்து. எடைக் குறைப்பு பணக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் பெரிய குறைப்புகள் பொருளை வாங்குவதில் அல்ல, வீட்டில் விட்டுவருவதில்தான் கிடைக்கின்றன. மாற்றுடைகள் இதற்கு முதல் எடுத்துக்காட்டு. மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, குளிர்காப்புச் சட்டை, மழை மேலங்கி என்று அடுக்கடுக்காக அணிந்தால், ஒரே தொகுதியை வெயிலுக்கும் பனிக்கும் கூட்டியும் குறைத்தும் பயன்படுத்தலாம். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். ரைஃபிள் வேட்டையில் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலத்துக்குப் பளிச்சிடும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்பது கொலராடோ சட்டம். அதற்குக் கனத்த மேலங்கி தேவையில்லை, தொப்பியோடு மெல்லிய கையில்லாச் சட்டை ஒன்று போதும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஓடைகள் உள்ள பள்ளத்தாக்கில் மூன்று லிட்டரைச் சுமப்பதைவிட 100 கிராம் வடிகட்டி ஒன்றைக் கொண்டுபோவது அறிவுடைமை. உணவைப் பொறுத்தவரை, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4தான். நாளொன்றுக்கு 3,500 கலோரி வேண்டுமென்றால், கிராமுக்கு 3 கலோரி தரும் உணவு 1.17 கிலோ ஆகும். கொட்டைகள், உலர்த்திய உணவு, எண்ணெய் என்று கிராமுக்கு 4.5 கலோரியாக உயர்த்தினால் 780 கிராமில் முடிந்துவிடும். ஐந்து நாளில் மிச்சம் ஏறத்தாழ 2 கிலோ.

அடுத்தது கூடாரமும் படுக்கையும். இவை அளவில் பெரியவை என்பதால் இங்கே செய்யும் ஒரு மாற்றம், சின்னச் சாமான்களில் செய்யும் பத்து மாற்றங்களுக்குச் சமம். தரைவிரிப்பு இல்லாத கூம்புக் கூடாரத்தையோ தார்ப்பாயையோ நடைக்கோலை ஊன்றிக் கட்டினால் தனிக் கம்பங்கள் வேண்டியதில்லை. ஒரு பொருள் இரண்டு வேலை செய்கிறது. சிலிகான் பூசிய நைலான் மலிவு, ஆனால் ஈரத்தில் தொய்யும். பாய்மரத் துணியிலிருந்து பிறந்த டைனீமா கலவைத் துணி தொய்யாது, மிக இலகுவும்கூட. விலைதான் பல மடங்கு. பறவைத் தூவி அடைத்த உறக்கப்பை எடைக்கேற்ற வெப்பத்தைத் தருவதில் இணையற்றது என்றாலும் நனைந்தால் சுருங்கித் தன் வெப்பக்காப்பை இழந்துவிடும். உலர்ந்த கொலராடோவுக்கு அது பொருந்தும். ஓயாத மழைப் பகுதிக்குச் செயற்கை இழையே பாதுகாப்பு. பொருளின் பெயரைப் பார்த்து மயங்குவதும் தவறு. டைட்டானியம் அலுமினியத்தைவிட இலகுவான உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், அலுமினியத்தினுடையது 2.7. டைட்டானியம் வலுவானது என்பதால் அதை மெல்லிய தகடாக ஆக்க முடிகிறது. அதன் இலகுத்தன்மை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். நீர் கொதிக்கவைக்கும் ஒரு பாத்திரத்துக்கு மெல்லிய அலுமினியமே போதுமானது.

எங்கே குறைக்கக் கூடாது என்பதற்கும் அதே அளவுகோல்தான். நெடுநடைப் பயணியின் ஒரு கிலோவுக்கும் குறைவான பை 40 கிலோ இறைச்சியைத் தாங்காது. தோள்பட்டைகள் சதையில் புதையும், சுமை பின்னோக்கி இழுக்கும். இறுகிய சட்டகமும் இடுப்புப் பட்டையும் கொண்ட வேட்டைப் பைகள் இரண்டு முதல் மூன்று கிலோ வரை இருக்கும். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குவதுதான் அந்தச் சட்டகத்தின் வேலை. ஆகவே இந்தக் கூடுதல் எடையைத் தயங்காமல் ஏற்க வேண்டும். ரைஃபிளும் அப்படித்தான். ஒரே தோட்டாவுக்குப் பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறும். 4 கிலோ ரைஃபிளை 3 கிலோவாக்கினால் அது தோளில் தரும் உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். இலகுவான குழல் கையில் எளிதில் ஆடும். உதைப்புக்கு அஞ்சி இலக்குத் தவறினால் விலங்கு காயத்தோடு ஓடி வதைபட்டுச் சாகும். ஒரு கிலோ மிச்சத்துக்காக அந்தக் கொடுமையைத் துணிவது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. இலகு ரைஃபிளைத்தான் எடுப்பது என்று முடிவுசெய்பவர் அதைக்கொண்டே நிறையச் சுட்டுப் பழகியிருக்க வேண்டும்.

மிகப் பெரிய எடைக் குறைப்பு வேட்டை முடிந்த இடத்திலேயே நடக்கிறது. வயிற்றைத் திறக்காமலே தோலை உரித்து, நான்கு கால்கள், முதுகுச்சதை, கழுத்துச்சதை என்று தனித்தனியே எடுக்கும் முறையில், விலங்கின் பாதிக்கும் மேற்பட்ட எடை காட்டிலேயே தங்கி மற்ற உயிர்களுக்கு உணவாகிவிடுகிறது. பிறகு எலும்பையும் நீக்கினால் ஒவ்வொரு காலிலும் சில கிலோ குறையும். மூளையும் தண்டுவடமும் காட்டிலேயே நின்றுவிடுவதில் வேறொரு நன்மையும் உண்டு. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்ட, மான்களை உருக்கிக் கொல்லும் நோயின் காரணி அந்தத் திசுக்களில்தான் செறிந்திருக்கும் என்பதால், அவற்றை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப் பல இடங்களில் தடை இருக்கிறது. இவ்வளவு வேலைக்கும் தேவைப்படுபவை அலகு மாற்றத்தக்க சிறு கத்தி, காற்றோட்டமுள்ள மெல்லிய இறைச்சிப்பைகள், சிறிது கயிறு. விலங்கு ஆணா பெண்ணா என்பதற்கான சான்றை இறைச்சியோடு விட்டுவைக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை முன்கூட்டியே படித்துக்கொண்டு போவதும் அவசியம்.

குறைத்துக் குறைத்துக் கடைசியில் உயிருக்கே ஆபத்தாகாதா? பாதுகாப்பு குறித்த இந்த அச்சம்தான் மிக நேர்மையான மறுப்பு. சியாட்டிலின் மௌண்டனியர்ஸ் சங்கம் 1930களிலிருந்து வற்புறுத்திவரும் பத்து இன்றியமையாப் பொருள்களின் பட்டியல் இதற்கு விடை தருகிறது. வரைபடமும் திசைகாட்டியும், விளக்கு, தீ மூட்டும் கருவி, முதலுதவி, கத்தி, கூடுதல் உடை, உணவு, நீர், வெயில் காப்பு, அவசரப் புகலிடம் என்று அதில் உள்ளவற்றைக் கவனமாகத் தேர்ந்தால் அவை பையில் சிறு பகுதியாகவே இருக்கும். கிரிஸ்லி கரடிகள் உலவும் மொன்டானாவில் கரடித் தெளிப்பான் ஒன்றும், கைபேசிக் கோபுரம் எட்டாத இடங்களில் 100 கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்றும் இவற்றோடு சேர வேண்டும். பையைக் கனக்கச் செய்பவை இவையல்ல. இரண்டாவது விளக்கு, மூன்றாவது கத்தி, ஒருவேளை வேண்டியிருக்கும் என்று கடைசி நிமிடத்தில் திணித்தவை போன்றவைதாம். களைத்த உடல் தடுமாறி விழும், களைத்த மனம் தவறான வழியைத் தேர்ந்தெடுக்கும். தேவைக்கு மீறிய சுமையே மலையில் ஒரு பெரிய ஆபத்து.

ஆகவே புறப்படும் முன் ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். பயணம் முடிந்ததும் பயன்பட்டவை, பயன்படாதவை, ஆபத்துக்கென்று வைத்திருந்தவை என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள், இரண்டாவதை அடுத்த முறை வீட்டில் விட்டுச்செல்லுங்கள். வேட்டைக்கே இடமில்லாத நம் மலைகளில் நடப்பவர்களுக்கும் இமயத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். இலகுவான பொருளைத் தேடிக் கடைக்கு ஓடுவதற்கு முன், இந்தப் பொருள் எனக்கு என்ன வேலை செய்கிறது என்று கேட்பவரே சுமையைக் குறைக்கத் தெரிந்தவர்.