லினக்ஸ் கணிப்பொறியில் மென்பொருள் புதுப்பித்தல்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அந்நீரை இரவும் பகலும் இறைத்துக் கொண்டிருந்தால்தான் சுரங்கப் பணி நடைபெறும். நேற்று இறைத்தோமே என்று இன்று ஓய்ந்திருக்க இயலாது. கணிப்பொறியிலுள்ள மென்பொருள்களைப் புதுப்பிக்கும் பணியும் அத்தகையதே.

2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளம் இடம்பெற்றிருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. இவ்வகை இயங்குதளத்தில் மென்பொருள்கள் தொகுப்புகளாகப் பொதுக் களஞ்சியத்திலிருந்து பெறப்படுகின்றன. ‘ஆப்ட் அப்டேட்’ என்னும் கட்டளை தொகுப்புகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’ என்பதே புதிய தொகுப்புகளைக் கொணர்ந்து நிறுவும். முன்னதோடு நின்றுவிட்டால் மென்பொருள் எதுவும் மாறாது.

காலம் தாழ்த்துதல் தீங்கு தரும். 2014 ஏப்ரலில் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறை வெளிப்பட்டது. கடவுச்சொற்களும் கசியத்தக்க பெருங்குறை அது. திருத்தம் உடனே வெளிவந்தும் புதுப்பிக்காதோர்க்கு அதனால் பயனில்லை.

ஆயினும், புத்தம் புதியதை விரைந்து நாடுதலும் நன்றன்று. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இசட்.’ மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளில் எவரோ திட்டமிட்டுப் புகுத்திய கள்ளவழி கண்டறியப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அது நுழைந்திருந்தது. நிலைத்த பதிப்பில் நுழையவில்லை. நிலைத்த பதிப்பு புதுமைகளைத் தவிர்த்து, பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களையே ஏற்பது. புதுமை வேறு; புதுப்பித்தல் வேறு என்பதை உணர்தல் வேண்டும்.

மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க நெறிகள் வருமாறு:

1. முதலில் ஆய்வேடு, குறிப்புகள் ஆகியவற்றைப் பென் டிரைவில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

2. கையொப்பம் சரிபார்க்கப்பட்ட அதிகாரக் களஞ்சியத்தையே நாட வேண்டும்.

3. ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ சில தொகுப்புகளை நீக்கவும் கூடும். பட்டியலைப் படித்த பின்னரே இசைவு தருக.

4. மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்தே தொடங்குக. இடையில் நின்றுபோனால், எஞ்சிய பணியை ‘டிபிகேஜி’ கட்டளையால் தொடரலாம்.

5. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் கணிப்பொறியை மறுபடி தொடங்க வேண்டும். பழைய கெர்னலை உடனே நீக்கலாகாது. புதியது இயங்காவிடில் அதுவே கைகொடுக்கும்.

6. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முதல்நாள் இரவில் பெரிய புதுப்பிப்பு எதனையும் மேற்கொள்ளற்க.

வாரம் ஒருமுறை சில மணித்துளிகள் ஒதுக்கினால் போதும். ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேடிய ஆய்வுச் செல்வத்தை மாணவர்கள் காத்துக்கொள்ளலாம்.