வீட்டின் விசையும் வடிகாலும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

கர்நாடக மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் உள்ள கோலார் தங்கவயல், இந்திய மின்சார வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவைக் கம்பி வழியே கடந்து, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்வூர்ச் சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல்தான்.

சுரங்கத்துக்கு மின்சாரம் எதற்காக வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத் தக்கது. இச்சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றன. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. உள்ளே நல்ல காற்றைச் செலுத்தவும், வெப்பக் காற்றை வெளியேற்றவும், ஊறும் நீரை இறைத்துக் கொட்டவும் இயந்திரங்கள் இரவு பகலாக இயங்க வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைப்பு நின்றதும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் மனிதர் உழைத்த சுரங்க வழிகளை நீர் நிரப்பியது.

வீட்டுக்கும் இதே நியதி பொருந்தும். நீர், நெருப்பு, மின்சாரம் ஆகிய ஒவ்வொன்றும் வீட்டினுள் வருவதற்கு வழி அமைத்தால் மட்டும் போதாது. அது வெளியேறும் வழியையும் முன்னதாகவே அமைக்க வேண்டும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சுரங்கத்தில் நீர் மேல்நோக்கி இறைக்கப்பட வேண்டியிருந்தது. வீட்டிலோ சரிவு என்னும் இயற்கை விசையே அவ்வேலையைச் செலவின்றிச் செய்துவிடும். அதற்குரிய திட்டம் அஸ்திவாரத்துக்கு முன் வேண்டும் என்பதே நிபந்தனை.

சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளின் தண்ணீரும் வடிகாலும் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தன. இன்று அவ்வீடுகளைப் பழுது பார்ப்போரும், ஓர் அறை கூட்டுவோரும், புதிதாகக் கட்டுவோரும் ஒரு கொத்தனாரின் துணையோடு குடும்பத்தாரின் உழைப்பையே நம்பியுள்ளனர். அத்தகைய வீடுகளில் சுவர், கூரை, பூச்சு எல்லாம் முடிந்து, பணமும் தீர்ந்த பிறகே வடிகாலைப் பற்றிய நினைவு எழுகிறது. இந்த வரிசையை மாற்றுவதே கள ஊழியர் செய்யக்கூடிய முதல் உதவி.

நிலத்தைச் சோதித்தல்

தங்கவயல் பகுதியின் தங்கம், ஹார்ன்பிளெண்டு சிஸ்ட் என்னும் கரிய கடினப் பாறைத் தொடரில் கிடைத்தது. சில மனைகளில் நல்ல சரளை மண் ஆழமாக இருக்கும். சில மனைகளில் கடப்பாரை விரைவிலேயே பாறையைத் தொடும். எனவே அடுத்த வீட்டில் பயன்பட்ட உறிஞ்சுகுழி இந்த வீட்டிலும் பயன்படும் என்று கொள்வது தவறு.

சோதனை எளியது. உறிஞ்சுகுழி அமையவிருக்கும் ஆழம் வரை ஒரு சிறு துளை தோண்டி, நீர் நிரப்பி, ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் விட்டு, நீர்மட்டம் 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி ஏற்றது. 30 முதல் 60 நிமிடம் வரையானால், குழிக்குப் பதிலாக ஆழம் குறைந்த நீண்ட வாய்க்காலில் சல்லி நிரப்பி நீரைப் பரவவிட வேண்டும். அதற்கும் மேலானால் அம்மண் நீரை ஏற்காது. வேறு முறையைப் பொறியாளரிடம் கேட்டறிய வேண்டும்.

பாறை வெடிப்புகள் உள்ள மனையில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. அங்கே நீர் மிக விரைவாக மறையும். ஆனால் மண்ணால் வடிகட்டப்படாமலே வெடிப்பு வழியாக ஆழ்துளைக் கிணற்றைச் சென்றடையும். நீர் விரைவாக மறைவது எப்போதும் நன்மையன்று.

மனிதர் இறங்கத் தேவையில்லாத குழி

பலர் ‘செப்டிக் டாங்க்’ என்று சொல்லிக் கட்டுவது, அடியில் தளமில்லாத ஒற்றை ஆழ்குழியே ஆகும். அது நிறைந்தவுடன் அதை வெற்றாக்குவது யார் என்ற கேள்வி எழுகிறது. மூடிய மலக்குழியில் தேங்கும் ஹைடிரஜன் சல்பைடு முதலிய வாயுக்கள், உள்ளே இறங்குபவரைச் சில நொடிகளில் மயக்கி வீழ்த்தக்கூடியவை. காப்பாற்ற இறங்குபவரும் உடன் மடிவதுண்டு. மலத்தைக் கையால் அள்ளும் பணியை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்துள்ளன. அவ்வாறிருந்தும் தங்கவயல் குடியிருப்புகளில் உலர் கழிப்பிடங்கள் இந்த நூற்றாண்டிலும் சில காலம் நீடித்தன. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீட்டினும் மேலானது, எவரும் இறங்கத் தேவையில்லாத குழியை முதலிலேயே அமைப்பதாகும்.

இதற்கு இரட்டைக் குழிக் கழிப்பறை ஏற்ற முறை. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு, ஏறக்குறைய 1 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் ஆழமும் உடைய இரு குழிகள் போதும். சுவரைச் செங்கல்லால் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அடியில் தளம் இடலாகாது. இரு குழிகளுக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் தூரம் வேண்டும். மலத்தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு பிரிவுத் தொட்டியில் சேர்ந்து, இரு குழிகளுக்கும் பிரிந்து செல்லும்; ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு குழி சில ஆண்டுகளில் நிறைந்ததும் அடைப்பை மாற்றினால் மற்றக் குழி செயல்படும். முதற்குழி குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓய்வில் இருக்குமாயின், உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாக மாறும். அதை மண்வெட்டியால் அள்ளித் தோட்டத்துக்கு இடலாம். வாயுக்கள் மண்ணுள் பரவிவிடுவதால் தனிப் புகைபோக்கிக் குழாயும் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 15 மீட்டருக்குக் குறையாத தூரம் விடுதல். இரண்டாவது, குளியல் நீரையும் மழை நீரையும் இக்குழிகளில் விடாதிருத்தல். மூன்றாவது, இரு வழிகளையும் ஒருசேரத் திறந்து வைக்காதிருத்தல். அவ்வாறு திறந்தால் இரு குழிகளும் ஒரே காலத்தில் நிறைந்து, முறையின் பயனே இல்லாமற் போகும். மேலே பாறை உள்ள மனையில், குழிகளை நிலமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டிச் சுற்றிலும் மண் அணைக்கலாம். அப்போது கழிப்பறையின் தளமும் உயர வேண்டும். அஸ்திவாரத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும் என்பதற்கு இதுவே தக்க எடுத்துக்காட்டு.

அடுக்களை நீரும் மழைநீரும்

அடுக்களை நீரில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கலந்திருக்கும். அவை நேரே உறிஞ்சுகுழிக்குச் சென்றால் மண்ணின் நுண்துளைகள் அடைபடும். ஆகவே குழாயின் வழியில் ஒரு சிறு தடுப்புத் தொட்டி கட்டி, மிதக்கும் கொழுப்பையும் படியும் வண்டலையும் வாரம் ஒருமுறை அகற்ற வேண்டும். தொட்டியைக் கடந்த நீர், சல்லி நிரப்பிய உறிஞ்சுகுழிக்கோ வாழை, கல்வாழைப் பாத்திக்கோ செல்லலாம். குழாய்க்கு 40 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவில் சரிவு கொடுப்பது நல்லது. கண்ணளவை நம்பாமல், நீர் நிரப்பிய மட்டக்குழாயால் சரிபார்க்க வேண்டும். குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் திறந்து பார்க்கும் மூடி இருத்தல் வேண்டும்.

வற்றாத ஆறில்லாத கோலார் மாவட்டத்தில் மழைநீர் பெரும் செல்வம். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு சேரும் என்றும் கொண்டால், 40 சதுர மீட்டர் கூரை 22,400 லிட்டர் நீர் தரும். ஆயினும் தங்கவயலில் ஓர் எச்சரிக்கை அவசியம். தங்கம் பிரித்தபின் ஒதுக்கப்பட்ட மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த பாறைத்தூள், சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்துள்ளது. காற்றுக் காலத்தில் அத்தூள் கூரைகளில் படிகிறது. எனவே ஒவ்வொரு மழையிலும் முதலில் வழியும் நீரைத் தனிக் குழாயால் வெளியே விட்டு, பின்வருவதையே சேமிக்க வேண்டும். பரிசோதனை செய்யாமல் அதைக் குடிநீராகக் கொள்ளலாகாது. அம்மேட்டு மண்ணைத் தரை நிரப்பவோ வடிகட்டியில் இடவோ பயன்படுத்துவதும் கூடாது.

புகைக்கும் வாயுவுக்கும் வழி

தங்கவயலில் நுரையீரலைக் காப்பது ஏனைய ஊர்களினும் முக்கியமானது. பாறைத்தூளைச் சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ் நோய், 1940-களில் இங்கு நடந்த ஆய்வில் சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் காணப்பட்டது. அவ்வாறு பழுதடைந்த நுரையீரலோடு வீடு திரும்பியவருக்கு, அடுப்புப் புகை இரண்டாவது சுரங்கமாகும்.

ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியலாளர் எஸ். பி. ராஜு, புகையற்ற அடுப்பைப் பற்றி 1953-இல் வெளியிட்ட நூலில், புகைபோக்கியும் அடுத்தடுத்த அடுப்பு வாய்களும் கொண்ட எளிய மண்ணடுப்பை விளக்கினார். விறகு எரிக்கும் வீடுகளுக்கு அதன் தத்துவம் இன்றும் பொருந்தும். புகைபோக்கி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் விட்டத்தோடு, கூரைக்கு மேல் 60 சென்டிமீட்டராவது உயர வேண்டும். திங்கள்தோறும் கரியைத் துடைக்க வேண்டும். லைன் வீடுகளில் சுவர் பொதுவாதலால், ஒரு வீட்டுப் புகை மறுவீட்டுச் சன்னலில் நுழையாதபடி இடம் தேர்வது அவசியம்.

சமையல் வாயு வந்துவிட்ட வீடுகளில் வேறொரு பிழை காணப்படுகிறது. புகை மேலே எழும்; சமையல் வாயுவோ காற்றினும் கனமானதால் தரையோடு தேங்கும். ஆகவே மேலே சன்னல் இருப்பதோடு, வெளிப்புறச் சுவரில் தரைமட்டத்தில் ஒரு துவாரமும் வேண்டும். தாழ்ந்த பள்ளத்தில் உருளையை வைத்தல் ஆபத்து.

மின்சாரத்தின் கணக்கு

மின்சாரத்தைப் பெருக்குவதற்கு முன் செலவைக் குறைப்பதே சிக்கனம். 60 வாட் விளக்குகள் ஐந்து, நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 1.5 யூனிட் செலவாகும். 9 வாட் எல்.இ.டி. விளக்குகளாயின் 0.225 யூனிட் மட்டுமே. 75 வாட் விசிறிகள் இரண்டு, 10 மணி நேரம் சுழல 1.5 யூனிட் ஆகும். 30 வாட் விசிறிகளுக்கு 0.6 யூனிட் போதும். இவ்விரு மாற்றங்களால் 3 யூனிட் தேவை ஒரு யூனிட்டுக்கும் குறைகிறது.

கூரையில் 1 கிலோவாட் சூரிய மின்தகடு பொருத்த ஏறக்குறைய 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் வேண்டும். சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் எதிர்பார்க்கலாம். தங்கவயல் 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், தகடுகளைத் தெற்கு நோக்கி ஏறக்குறைய அதே சாய்வில் அமைத்தல் தகும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டம், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 78,000 ரூபாயும் மானியம் அறிவித்தது. மின்கலம் இல்லாமல் மின்வலையோடு இணைக்கப்படும் அமைப்பு, ஊரில் மின்தடை ஏற்பட்டால் தானும் நின்றுவிடும் என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்படுகிறது. படியும் புழுதியைத் துடைப்பதும் இவ்வூரில் மறக்கலாகாத கடமை.

கசியும் மின்சாரத்துக்கும் வெளியேறும் வழி வேண்டும். அதுவே நில இணைப்பு. வறண்ட பாறை நிலம் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. எனவே நில இணைப்புக் குழியை ஈரம் காக்கும் மண்ணில் அமைத்து, அதன் தடையைக் கருவியால் அளந்து உறுதி செய்ய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையும் உடன் வேண்டும். வீட்டாரே செய்யத் தக்க வேலைகள் பல உண்டு. மின்கம்பி இணைப்பு அவற்றுள் ஒன்றன்று. அதை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பள்ளியிலும் களத்திலும்

நீர் இறங்கும் நேரத்தை அளக்கும் சோதனையை எட்டாம் வகுப்பு மாணவரும் பள்ளித் தோட்டத்தில் செய்யலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டின் வரைபடத்தை எழுதி, நீர், புகை, வாயு, மின்சாரம் ஆகியவை உள்ளே வரும் வழியை ஒரு நிறத்திலும் வெளியேறும் வழியை மற்றொரு நிறத்திலும் அம்புக்குறியிட்டுக் காட்டச் செய்யலாம். வரும் அம்பு இருந்து, போகும் அம்பு இல்லாத இடமே அவ்வீட்டில் முதலில் திருத்த வேண்டிய இடம்.

கள ஊழியர், புதிய வீட்டுக்குக் கயிறு கட்டும் நாளில் இதே வரைபடத்தைக் குடும்பத்தாரோடு அமர்ந்து எழுதுவாராயின், அரை நாள் உழைப்பில் பல ஆண்டுத் தொல்லையைத் தவிர்க்கலாம். எழுதிய வரைபடத்தை வீட்டிலேயே பத்திரமாக வைத்திருத்தல் நலம். எந்தக் குழி எந்த ஆண்டில் அடைக்கப்பட்டது என்பதையும் அதிலேயே குறித்துவரலாம்.