வழியில் நின்ற வண்டி

காரக்கோணத்துக் கடைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் வரிச்சரக்கு, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை அமரவிளைச் சோதனைச்சாவடியில் காத்துக் கிடக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே வரிசை. கணக்குச் சரியானவனும் நின்றான். 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு இ-வே பில்லோடு எல்லை கடக்கிறது.

வண்டி வழியில் பழுதாயிட்டா? அதே பில்லில் மாற்று வண்டி எண்ணைப் பதியலாம். நாளொன்றுக்கு 200 கி.மீ. என்ற கெடு போதாவிட்டால், அது முடிவதற்கு 8 மணி முன்போ பின்போ நீட்டலாம். சரக்கே புறப்படாவிட்டால் 24 மணிக்குள் ரத்து. அசந்தால் வரியைப் போல் இருமடங்கு தண்டம் வரலாம்.

ஆகவே நம்ம கடையிலும் எது தவறக்கூடும், யார் தீர்ப்பது, எத்தனை மணிக்குள் என்று முன்னதாகவே எழுதிவைப்போம். தவறு வந்தபிறகு யோசிச்சா, சரியான வேலையும் சேர்ந்து நிற்கும்.